பியூஸ் போச்சா, இல்லையா? மீட்டரைக் கேட்போம்

(அனகாபுத்தூரில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், தையல் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தருகிறோம்.)



போன மாசக் கூட்டத்தில் நம்ம செயலாளர் அக்கா, "ஏம்மா, நீ ஒரு மஞ்சள் மீட்டரை வெச்சுக்கிட்டு என்னமோ பண்ணுறியாமே, அதை எல்லாருக்கும் சொல்லேன்" என்று கேட்டாங்க. எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். நான் எலக்ட்ரீஷியனும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிடுறேன். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு வேலை. ஒரு பியூஸ் நல்லா இருக்கா, போயிடுச்சா என்று பார்க்கத் தெரியும். அது தெரியாததால் எங்க குழு ஒரு தடவை பணத்தை இழந்தது. எங்க வீடு ஒரு தடவை எரியப் பார்த்தது. அதனாலதான் ஒத்துக்கிட்டு வந்தேன்.

குழு கதையை முதலில் சொல்றேன். நாங்க பன்னிரண்டு பேர். கடன் வாங்கி நாலு தையல் மெஷினும் ஒரு ஓவர்லாக் மெஷினும் போட்டோம். ஓவர்லாக் கரண்டில் ஓடுறது, கீழே ஒரு பெட்டி மாதிரி இருக்கும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நின்னுடுச்சு. ஸ்விட்ச் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். பார்த்தார், "போர்டு போச்சு" என்றார், பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போனார். மூணு நாள் கழிச்சு வந்தது, 1,800 ரூபாய் ஆச்சு. அந்த மூணு நாளும் கையில் துணி இருந்தும் வேலை ஓடலை. அந்த மாசத் தவணையை ரெண்டு பேர் சேமிப்பில் இருந்து எடுத்துக் கட்டினோம்.

ஏழெட்டு மாசம் கழிச்சு அதே மாதிரி மறுபடியும் நின்னுச்சு. இந்தத் தடவை என் அக்கா மகன் வந்தான், ஐ.டி.ஐ.யில் படிக்கிறவன். பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். பெட்டிக்குப் பின்னால் கறுப்பா, உருண்டையா ஒரு மூடி இருந்தது. அதைத் திருகினான், உள்ளே இருந்து சுண்டுவிரல் நகம் அகலத்துக்குக் கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குழாய் வந்தது. மீட்டரின் ரெண்டு கம்பியை ரெண்டு முனையில் வெச்சான். சத்தமே இல்லை. "போச்சு சித்தி" என்றான். பம்மலில் ஒரு கடையில் அஞ்சு ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டோம், மெஷின் ஓடுச்சு.

முதல் தடவையும் போனது பியூஸ்தானா என்று என்னால் இப்போ சொல்ல முடியாது. நிஜமாகவே போர்டு போயிருக்கலாம். அந்த மெக்கானிக் மேல் பழி போட எனக்கு விருப்பம் இல்லை. ஆனா அன்னைக்கு எங்க பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குக் கூட, "அண்ணே, பியூஸைப் பார்த்தீங்களா?" என்று கேட்கத் தெரியலை. அதுதான் எனக்கு இன்னும் மனசில் நிக்குது.

சரி, பியூஸ் என்றால் என்ன? நம்ம ஊருக்கு இதைச் சொல்றது சுலபம். அனகாபுத்தூரில் தறி பார்க்காத வீடு குறைச்சல். நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை நெய்த ஊர் இது. பிறகு வாழைநாரில் சேலை நெய்தும் பேர் வாங்கின ஊர். இழை எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எப்போ அறும் என்று நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு விரலிலேயே தெரியும். பியூஸும் ஒரு இழைதான். கரண்ட் போற வழியில் வேணும்னே வெச்சிருக்கிற பலவீனமான ஒரு இழை. அளவுக்கு மேல கரண்ட் போனால் அந்த இழை சூடாகி உருகி அறுந்துடும், வழி அடைஞ்சுடும். மத்த ஒயர் எல்லாம் பிழைக்கும். அது அறுந்து போறதுக்கென்றே வெச்சது. அறுந்தால் அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை, வேலையைச் செய்திருக்கு என்று அர்த்தம்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. நூலுக்குக் கவுண்ட் சொல்றோமே, அறுபது, எண்பது, நூறு என்று. எண் ஏற ஏற நூல் மெலிசு. பியூஸ் கம்பிக்கும் கேஜ் என்று எண் சொல்வாங்க, அதிலும் எண் ஏற ஏற மெலிசுதான். லைட், பேன் ஓடுற 5 ஆம்பியர் பியூஸுக்குப் போடுற ஈயம் பூசின செம்புக் கம்பி 35 கேஜ், ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கனம். தலைமுடியை விடக் கொஞ்சம்தான் பெருசு. 15 ஆம்பியருக்கு 25 கேஜ், அது அரை மில்லிமீட்டர்.

இப்போ ஒரு கணக்கு சொல்றேன், இதை மட்டும் மறக்காதீங்க. அந்த 0.2 மில்லிமீட்டர் கம்பி சுமார் 7 ஆம்பியரில் உருகிடும். அதுக்குப் பதிலா 1 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு செம்புக் கம்பியைப் போட்டால், அது உருகுறதுக்குக் கிட்டத்தட்ட 80 ஆம்பியர் வேணும். கனம் அஞ்சு மடங்குதான் கூடுது, தாங்குறது பத்து மடங்குக்கு மேல கூடுது. சுவருக்குள்ள போற வீட்டு ஒயர் 80 ஆம்பியரைத் தாங்குமா? தாங்காது. அதாவது பியூஸ் உருகாது, சுவருக்குள்ள ஒயர் எரியும்.

இது எங்க வீட்டிலேயே நடந்தது. 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தப்போ எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பிறகு ரெண்டு வாரம் கழிச்சு கரண்ட் கொடுத்தோம். தினமும் பீஸ் போகும். கம்பி போடுவோம், மறுபடி போகும். எங்க வீட்டுக்காரர் சலிச்சுப் போய், பழைய டேபிள் பேன் ஒயரை உரிச்சு, உள்ளே இருந்த செம்பு இழைகளை மொத்தமா முறுக்கிப் போட்டுட்டார். அதுக்குப் பிறகு பீஸ் போகவே இல்லை. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார். நானும் நம்பினேன். அஞ்சாம் நாள் ராத்திரி ரப்பர் கருகுற வாசனை. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. போர்டுக்குக் கீழே பைப்புக்குள்ள இன்னும் ஈரம் இருந்திருக்கு, அந்த இடத்தில் ஒயர் எரிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. எங்க மாமியார்தான் மெயினை இறக்கினாங்க. ஒரு கல்யாண வீட்டுக்குத் தைக்க வெச்சிருந்த பிளவுஸ் துணி மூட்டை போச்சு. பக்கத்தில் ஏழு மாசப் பிள்ளை தூங்கிட்டிருந்தது. அதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

அந்தப் பீஸ் தினம் தினம் எங்களுக்கு ஒரு தகவல் சொல்லிச்சு, உள்ளே எங்கேயோ தப்பு இருக்கு என்று. நாங்க அதோட வாயைக் கட்டிட்டோம்.

இப்போ மீட்டருக்கு வருவோம். இதுக்குப் பேர் மல்டிமீட்டர். இருநூறு முந்நூறு ரூபாயில் கிடைக்குது. ரிச்சி தெருவுக்குப் போனால் வரிசையா வெச்சிருப்பாங்க, பல்லாவரத்தில் ரயில் ஏறினால் போயிட்டு வந்துடலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழசு கிடைக்கும். ஆனா பழசு வாங்குறதாக இருந்தால் கம்பியின் மேல்தோல் வெடிச்சிருக்கா என்று பார்த்து வாங்குங்க. எதை வாங்கினாலும் "பஸ்ஸர் சத்தம் வருமா?" என்று கேட்டு வாங்குங்க. சில மலிவு மாடலில் சத்தம் இருக்காது.

கீழே மூணு ஓட்டை இருக்கும். கறுப்புக் கம்பி 'காம்' என்று எழுதியிருக்கிற ஓட்டையில். சிவப்புக் கம்பி, குதிரை லாடம் மாதிரி ஒரு குறி போட்டிருக்குமே, அந்த ஓட்டையில். மூணாவது, 10 ஆம்பியர் என்று போட்டது, அதை நாம தொடவே வேண்டாம். அந்த ஓட்டையில் கம்பியைச் செருகிட்டு யாராவது பிளக் பாயிண்டில் வெச்சால் மீட்டர் கையிலேயே வெடிக்கும். அந்த ஓட்டையை நான் டேப் ஒட்டி அடைச்சுட்டேன்.

நடுவில் திருகுற குமிழ் இருக்கு. அதை ஒலி அலை மாதிரி வளைவு வளைவா ஒரு படம் இருக்கிற இடத்துக்குத் திருப்பணும். திருப்பினதும் திரையில் இடது ஓரத்தில் '1' தெரியும், சில மீட்டரில் 'ஓ.எல்.' என்று ரெண்டு ஆங்கில எழுத்து தெரியும். அதுக்கு அர்த்தம் 'வழி இல்லை' என்பது. ஒன்று என்ற எண் என்று நினைச்சு ஏமாறக் கூடாது, நான் முதல் நாள் அப்படித்தான் ஏமாந்தேன். இப்போ ரெண்டு கம்பி முனையையும் ஒன்றோடு ஒன்று தொடுங்க. 'கீ...' என்று கத்தும், எண் பூஜ்யத்துக்கு வரும். 'வழி இருக்கு' என்று அர்த்தம். இதை எப்பவும் முதலில் செய்யணும். கத்தலைன்னா மீட்டரிலோ அதன் பேட்டரியிலோதான் கோளாறு, பியூஸ் மேல பழி போடாதீங்க.

பிறகு பியூஸ். கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பியூஸை வெளியே எடுத்து மேஜை மேல் வையுங்க. ஒரு முனையில் ஒரு கம்பி, இன்னொரு முனையில் இன்னொரு கம்பி. எது எந்தப் பக்கம் என்பது முக்கியம் இல்லை. கத்தினால் பியூஸ் நல்லது. கத்தாமல் '1' அப்படியே நின்றால் பியூஸ் போச்சு. அவ்வளவுதான் வித்தை.

"கண்ணாலேயே தெரியுதே, இதுக்கு மீட்டர் எதுக்கு?" என்று எங்க குழுவிலேயே கேட்டாங்க. பாதி நேரம் தெரியும், உண்மைதான். கண்ணாடி கறுத்துப் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனா சில சமயம் இழை நடுவில் நல்லாவே இருக்கும், உலோக மூடிக்குள்ள பற்றவெச்ச இடத்தில் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பீங்கான் குழாய் பியூஸில் உள்ளே எதுவுமே தெரியாது. கரண்ட் குக்கரில் தெர்மல் பியூஸ் என்று ஒன்று இருக்கும், சூடு எல்லை மீறினால் அறுந்துடும். அதையும் கண்ணால் சொல்ல முடியாது.

வெளியே எடுத்துப் பார்க்கணும் என்று ஏன் சொல்றேன் என்றால், ரெண்டு காரணம். கரண்ட் இருக்கும்போது இந்த ஒலிக் குறியில் வெச்சுத் தொட்டால் மீட்டரும் போகும், ஆளுக்கும் ஆபத்து. கரண்ட் இல்லாவிட்டாலும், பியூஸ் அதன் இடத்திலேயே இருந்தால் மீட்டர் சில சமயம் வேற லைட், பேன் வழியா சுத்திப் போய் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அறுந்த பியூஸை நல்லது என்று நினைச்சுடுவோம்.

வீட்டு மீட்டர் பலகையில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. மெயின் ஸ்விட்சை இறக்கிட்டு, கை காய்ஞ்சிருக்கா, கீழே தரை காய்ஞ்சிருக்கா என்று பார்த்து, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் கட்டையைப் பிடுங்கணும். மெயின் இறங்கலைன்னா, பலகை நனைஞ்சிருந்தால், கைவைக்காதீங்க. மின்வாரியம் சீல் வெச்சிருக்கிற பியூஸ் அவங்களுடையது. அதில் நமக்கு வேலை இல்லை. 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குப் போன் பண்ணினால் புகாரைப் பதிவு பண்ணிக்குவாங்க, 2021-லிருந்து ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிறாங்க. கம்பி மாற்றும்போது கடையில் "5 ஆம்பியர் பியூஸ் கம்பி" என்று கேட்டு வாங்கி ஒரே ஒரு இழைதான் போடணும். ரெண்டு இழையை முறுக்கினால் ரெண்டு மடங்கு தாங்கும், அப்புறம் அது 5 ஆம்பியர் பியூஸ் இல்லை.

கண்ணாடி பியூஸிலும் அதேதான். உலோக மூடியில் பொடி எழுத்தில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதே எண்தான் வாங்கணும். கடைக்காரர் "2 இல்லை, 10 இருக்கு, போட்டுக்கோங்க" என்பார். வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்க. சிகரெட் டப்பா ஈயத்தாளைச் சுத்திப் போடுறதும் நடக்குது. நான் பார்த்திருக்கேன்.

பியூஸ் ஏன் போச்சு என்று ஒரு நிமிஷம் யோசிக்கணும். எளிய கணக்கு ஒன்று இருக்கு. பொருளின் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல இழுக்கும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர். 5 ஆம்பியர் பியூஸ் உள்ள லைட் லைனில் இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் அது போகத்தான் செய்யும். ஒண்ணு மாத்தி ஒண்ணு போடுங்க, போதும். அப்படி எதுவும் போடாமலேயே புதுசு போட்ட உடனே மறுபடியும் போனால், ரெண்டாவது கம்பியை வீணாக்காதீங்க. உள்ளே கோளாறு இருக்கு, அது வயர்மேனைக் கூப்பிடுற நேரம். அங்கே செலவு பண்ணுறதுக்குத் தயங்க வேண்டாம்.

மிக்ஸி விஷயத்தில் ஒரு வார்த்தை. 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்ஸி நம்மில் பலர் வீட்டில் இருக்கு. அரைக்கும்போது திடீர்னு நின்னால் பியூஸைத் தேடாதீங்க. அடியில் பெரும்பாலும் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும், பாரம் தாங்காமல் அதுதான் விட்டிருக்கும். அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு, அதை அழுத்துங்க. அப்புறம் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வர்ற சாமான்களில் மூணு சதுரக் கால் பிளக் இருக்குமே, அந்தப் பிளக்குக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். நம்ம ஊர் பிளக்கில் அது கிடையாது. என் நாத்தனார் வீட்டில் ஒரு ரைஸ் குக்கரைப் பழைய இரும்புக்குப் போட இருந்தாங்க, பிளக்கைத் திறந்து பார்த்தோம், பியூஸ்தான்.

பியூஸ் நல்லா இருந்தும் பொருள் ஓடலைன்னா அதே மீட்டரால் ஒயரையும் பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டிக்குக் கழுத்துப் பக்கம்தான் ஒயர் மடங்கி மடங்கி உள்ளேயே அறும். குமிழை ஓம் பகுதியில் 200-க்குத் திருப்பி, பிளக்கின் ரெண்டு காலில் கம்பியை வெச்சால், 1000 வாட் பெட்டிக்கு 50-ஐ ஒட்டி எண் வரணும். '1' என்றே நின்றால் ஒயரோ உள்ளே கம்பியோ விட்டிருக்கு. இன்னொண்ணு, ஒரு கம்பியை ரெண்டு சின்னக் காலில் ஒவ்வொன்றாக வெச்சு, மறு கம்பியை இரும்பு உடம்பில் வையுங்க. அங்கே '1' என்றே இருக்கணும். எண் வந்தால் அந்தப் பெட்டியை உபயோகிக்காதீங்க, ஷாக் அடிக்கும். எண் வரலைன்னா நூத்துக்கு நூறு பத்திரம் என்றும் சொல்ல முடியாது, சின்னக் கசிவை இந்த மீட்டர் காட்டாது.

ஷாக் என்றதும் ஒன்று சொல்லணும், ஏன்னா நானே இதைத் தப்பா நினைச்சிருந்தேன். பியூஸ் இருக்கு, ஷாக் அடிச்சால் பியூஸ் போய் நம்மைக் காப்பாத்தும் என்று. காப்பாத்தாது. 30 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. நம்ம பியூஸ் 5 ஆம்பியர், அதாவது 5000 மில்லி ஆம்பியர். ஆள் செத்தாலும் பியூஸ் அசையாது. பியூஸ் ஒயரையும் வீட்டையும்தான் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்துறதுக்கு ஆர்.சி.சி.பி. என்று ஒரு ஸ்விட்ச் இருக்கு, 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழுந்துடும். சிலர் அதை ஈ.எல்.சி.பி. என்று சொல்வாங்க. நான் என் வீட்டில் அதை மாட்டுறதுக்குக் குழுவில் உள்கடன் எடுத்தேன். தங்கம் வாங்க எடுத்த கடனை விட அதை நிம்மதியா கட்டினேன். குன்றத்தூர் பக்கம் கிராமங்களிலிருந்து வந்திருக்கிறவங்க, மோட்டார் ஷெட்டு வெச்சிருக்கிறவங்க, இதை வீட்டில் போய்ப் பேசுங்க.

மீட்டரை ஆளுக்கு ஒன்று வாங்கத் தேவையில்லை. எங்க குழுவில் ஒன்று பொதுவா வாங்கி ஊக்குநர் வீட்டில் வெச்சிருக்கோம். கூடவே 1, 2, 5 ஆம்பியர் கண்ணாடி பியூஸ் ரெண்டு ரெண்டு ஒரு டப்பாவில். எடுத்துட்டுப் போறவங்க நோட்டில் எழுதிட்டுப் போகணும், வேலை முடிஞ்சதும் குமிழை 'ஆஃப்'புக்குத் திருப்பணும். திருப்பாமல் வெச்சு ரெண்டு தடவை பேட்டரி தீர்ந்தது. அந்தச் சதுர பேட்டரி காசை யார் தர்றது என்று ஒரு கூட்டமே நடந்தது.

இதோ இந்தத் தட்டில் பன்னிரண்டு கண்ணாடி பியூஸ் கொண்டு வந்திருக்கேன். அக்கா மகன் அவன் ஒர்க்ஷாப்பிலிருந்து பொறுக்கிக் கொடுத்தது. இதில் அஞ்சு போனது. அதில் ரெண்டு பார்க்கிறதுக்குப் புதுசு மாதிரியே இருக்கும். டீ குடிச்சுட்டு ஒவ்வொருத்தரா வாங்க. முதலில் கண்ணால் பார்த்து எது போனது என்று சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன். பிறகு மீட்டரில் வெச்சுப் பார்ப்போம்.